அலிகரின் மறைந்துபோன மாணவர் சகோதரக் கழகங்கள்

சிம்மக்கல்லிலிருந்து யானைக்கல் வழியாகக் கோரிப்பாளையம் செல்லும்போது நாம் கடக்கின்ற ஆல்பர்ட் விக்டர் பாலம் 1889-இல் திறக்கப்பட்டது. ஏறத்தாழ அதே காலத்தில், வடக்கே அலிகரின் பொருட்காட்சி மேடையில் வயது முதிர்ந்த சர் சையத் அகமது கான் ஏறி நின்றார். ஏழை மாணவர்களின் உதவித்தொகைக்கு நிதி திரட்டக் கலைநிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தது. அவருடைய தகுதிக்கு இது இழுக்கு என்று முகம் சுளித்தோர் உண்டு. அவர் இறங்கவில்லை.

அவர் நிறுவிய முகம்மதன் ஆங்கிலோ ஓரியண்டல் கல்லூரியில் அந்நாளில் தோன்றிய மாணவர் சகோதரக் கழகங்களைப் பற்றியே இங்குப் பேச விழைகிறோம். அமெரிக்கக் கல்லூரிகளில் இத்தகைய கழகங்கள் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பரவின. உறுதிமொழி, தேர்ந்தெடுத்த உறுப்பினர், வாழ்நாள் உறவு என்பவை அவற்றின் இயல்புகள். அலிகருக்கு இவ்வெண்ணம் வந்த வழி வேறு. 1883-இல் முதல்வராகப் பொறுப்பேற்ற தியோடர் பெக் கேம்பிரிட்ஜில் பயின்ற இளைஞர். அவரும் அவருக்குப் பின் வந்த ஆங்கில ஆசிரியர்களும் தம் பல்கலைக்கழகத்தின் விவாத மன்றம், சிறு நண்பர் வட்டம், விருந்து ஆகிய பழக்கங்களையும் உடன் கொண்டுவந்தனர். 1884-இல் சிடன்ஸ் யூனியன் கிளப் என்னும் விவாத மன்றம் உருவாயிற்று. அது எல்லோருக்கும் பொதுவானது. அதனினும் நெருக்கமான வட்டங்களும் பின்னர்த் தோன்றின.

அவற்றுள் ஒன்றின் பெயர் இக்வானுஸ் ஸஃபா, அதாவது ‘தூய்மையின் சகோதரர்கள்’. இப்பெயர் அவர்கள் புனைந்ததன்று. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டளவில் பஸராவில், தம் பெயர்களை மறைத்துக்கொண்டு ஐம்பத்திரண்டு மடல்களாக ஒரு கலைக்களஞ்சியத்தையே எழுதிய அறிஞர் குழுவின் பெயர் அது. அம்மடல்களுள் ஒன்றில், விலங்குகள் மனிதன் மீது ஜின்களின் அரசனிடம் வழக்குத் தொடுக்கின்றன. அப்பகுதியை மௌலவி இக்ராம் அலி 1810-இல் கல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரிக்காக உருதுவில் பெயர்த்தார். ஆகவே அலிகர் மாணவரின் செவிக்கு அது அயலான பெயராக இருந்திருக்காது. ஆங்கிலேயப் பழக்கத்திற்கு அரபுப் பெயர் சூட்டிய அந்தத் துணிவு நமக்குப் பிடித்திருக்கிறது.

எனினும் ஒன்றை மறைக்கலாகாது. அக்கல்லூரி விடுதியில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற பிரிவு இருந்தது. கட்டணம் வேறு, வசதி வேறு. ஒரே நிறச் சட்டையும் துருக்கித் தொப்பியும் அணிந்து, ஒரே ஆடுகளத்தில் கிரிக்கெட் ஆடியவர்கள், இரவில் அவரவர் தந்தையின் பணத்திற்கேற்ற அறைக்குத் திரும்பினர். விடுதிக் கட்டணம் கட்ட இயலாத வீட்டுப் பிள்ளைக்கோ அந்த வாயிலே திறக்கவில்லை. மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் முஹாஜிர்களையும் அன்ஸாரிகளையும் இருவர் இருவராகச் சகோதரர்களாக்கியபோது, அன்ஸாரிகள் வீட்டையும் தோட்டத்தையும் பங்கிட முன்வந்தார்கள் என்று நாம் படித்திருக்கிறோம். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், அறைக்குள் அமர்ந்து கட்டுரை வாசித்துக் கலைவது எத்துணை இனிமையாயினும் சகோதரத்துவத்தின் தொடக்கம் மட்டுமே.

இக்குறை மாணவர்களுக்கே உறைத்தது போலும். 1890-ஐ ஒட்டி, ஸாஹிப்ஜாதா அஃப்தாப் அகமது கான் என்ற மாணவர் முன்னின்று அஞ்சுமனுல் ஃபர்ஸ் என்னும் ‘கடமைச் சங்க’த்தைத் தொடங்கினார். ஏழை மாணவர் படிப்புக்குப் பொருள் திரட்டுவதே அதன் பணி. விடுமுறையில் உறுப்பினர்கள் ஊர் ஊராகச் சென்று நன்கொடை கேட்டனர். கடை நடத்தி அதன் ஊதியத்தையும் சேர்த்தனர். கண்ணியமான குடும்பத்துப் பிள்ளைகள் பிறர் வாசலில் கையேந்துவது அக்காலத்தில் எளிய செயலன்று. பிச்சை என்ற சொல்லையே இழிவாகக் கருதி வளர்ந்தவர்கள் அவர்கள். தமக்காகக் கேட்கவில்லை என்பதொன்றே அவர்களுக்குத் துணையாக இருந்தது. மேடையேறிய சர் சையதின் முன்மாதிரியும் கண்முன் இருந்ததல்லவா!

படிப்பை முடித்தோருக்கெனவும் ‘சகோதரத்துவம்’ என்ற பெயரிலேயே ஒரு கழகம் அமைந்தது. வருமானத்தில் நூற்றுக்கு ஒன்றைக் கல்லூரிக்கு அளிப்பது அதன் உறுப்பினர் ஏற்ற கடமை. 1899-இல் பழைய மாணவர் சங்கம் உருவானபின் அதற்குத் தனி வாழ்வு இல்லாது போயிற்று. கல்லூரியின் கிரிக்கெட் அணித் தலைவராக விளங்கிய ஷௌகத் அலி அச்சங்கத்தின் செயலாளராக உழைத்தார்.

நெருங்கிய வட்டங்களோ நிலைக்கவில்லை. காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1898 மார்ச்சில் சர் சையத் மறைந்தார். அதே ஆண்டில் தாமஸ் ஆர்னால்டு லாகூர் சென்றார். அல்லாமா ஷிப்லி நுஃமானியும் விலகினார். 1899-இல் பெக் காலமானார். இரண்டே ஆண்டுகளுக்குள் ஆசிரியரும் மாணவரும் ஒன்றாக அமர்ந்திருந்த அந்த அவை கலைந்துவிட்டது. ஆட்களைச் சார்ந்து நின்ற கழகம் ஆட்களோடு போவது இயல்பே. 1920-இல் ஒத்துழையாமை இயக்கம் எழுந்தபோது எஞ்சிய உறவும் சோதனைக்குள்ளாயிற்று. கல்லூரியைவிட்டு வெளியேறியோர் ஜாமியா மில்லியாவைக் கண்டனர். தங்கியோர் அதே ஆண்டு டிசம்பரில் பல்கலைக்கழகம் மலர்வதைக் கண்டனர். ஒரே விடுதியில் உண்டவர்கள் எதிரெதிர் அணியில் நின்றனர்.

கடமைச் சங்கம் மட்டும் இன்றும் இருக்கிறது. வட்டங்கள் உறுப்பினரின் நட்பை நம்பி நின்றன. இச்சங்கத்திற்கோ ஒவ்வோர் ஆண்டும் கட்டணம் கட்ட வழியற்ற புதிய மாணவன் ஒருவன் வந்துகொண்டே இருந்தான். அஃப்தாப் அகமது கான் கேம்பிரிட்ஜில் பயின்று வழக்குரைஞராகத் திரும்பி, 1924-இல் அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். 1927-இல் பார்வையற்றோருக்கான பள்ளி ஒன்றையும் அலிகரில் தொடங்கினார்.

சிம்மக்கல் மாவட்ட மைய நூலகத்திற்குச் சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலிருந்து பேருந்தேறி வந்து போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளை நம்மில் பலர் அறிவோம். அவர்களுள் நம் ஜமாஅத்துப் பிள்ளைகளும் உண்டு. ரமலானில் ஜகாத் நிதியிலிருந்து கட்டணம் பெறுவோரும் அவர்களிடையே இருக்கக்கூடும். ஷவ்வால் பிறந்த பிறகு அவர்களுடைய அடுத்த பருவக் கட்டணத்தை யார் கேட்டுத் திரட்டுகிறார்கள் என்பதை அவரவர் பள்ளிவாசலில் ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.