ஜோன் வெஸ்லியின் பொருளறம்

சமய வரலாறும் பொருளியல் வரலாறும் தனித்தனியே ஆராயப்படுதல் வழக்கம். எனினும் இவ்விரண்டும் ஒன்றையொன்று ஊடறுக்கும் இடங்கள் உள. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மெதடிஸ்த இயக்கத்தைத் தோற்றுவித்த ஜோன் வெஸ்லியின் (1703–1791) பொருள் பற்றிய போதனை அத்தகையதோர் இடமாகும்.

வெஸ்லி வறுமையை நூல்வழி மட்டும் அறிந்தவரல்லர். எப்வேத் என்னும் ஊரில் குருவாயிருந்த அவர்தம் தந்தை 1705 இல் கடன் காரணமாக லிங்கன் கோட்டையில் சிறையிருந்தார். பின்னாளில் வெஸ்லி தமது பிரசங்கம் ஒன்றில் ஒக்ஸ்போட் இளைஞர் ஒருவரைப் பற்றிக் குறிப்பிடுகின்றார். ஆண்டுக்கு 30 பவுண் பெற்ற அவ்விளைஞர் 28 பவுணில் வாழ்ந்து இரண்டினை ஈந்தார். வருமானம் 60, 90, 120 என உயர்ந்தபோதும் அதே 28 பவுணில் வாழ்ந்து எஞ்சியதை ஏழைகட்கு வழங்கினார். அவ்விளைஞர் வெஸ்லியே என்பது பொதுவான கருத்து.

1760 இல் வெளியான ‘பணத்தின் பயன்பாடு’ என்னும் பிரசங்கத்தில் இவ்வொழுக்கம் ஈட்டல், சேமித்தல், ஈதல் என்னும் மூன்று விதிகளாக வகுக்கப்பட்டது. லூக்கா சுவிசேஷத்தில் வரும் உக்கிராணக்காரனின் உவமையே அதற்கு ஆதாரம். மனிதன் பொருளுக்கு உடைமையாளனல்லன். கடவுளின் பொருளைப் பராமரிப்பவன் மாத்திரமே. எனவே தன் உடலையோ உள்ளத்தையோ அயலானையோ கெடுத்து ஈட்டுதல் ஆகாது. மதுவிற்பனையும் அடகுத் தொழிலும் இவ்வடிப்படையிலேயே கண்டிக்கப்பட்டன. சேமித்தல் என்பதும் பணத்தைக் குவித்தலன்று, ஆடம்பரத்தில் வீணாக்காதிருத்தலேயாம். மூன்றாம் விதியின்றி முன்னிரண்டும் பயனற்றவை என்பது அவர் துணிபு.

இப்போதனை நிறுவன வடிவமும் பெற்றது. பிறிஸ்டல் நகரத் தொழுகைக் கட்டடத்தின் கடனைத் தீர்க்க, உறுப்பினர் ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி கொடுப்பதென 1742 இல் முடிவாயிற்று. அதனைத் திரட்ட வீடுதோறும் சென்ற தலைவர்கள் உறுப்பினரின் வாழ்க்கை நிலையையும் அறியலாயினர். இயக்கத்தின் முதுகெலும்பாகிய வகுப்புக் கூட்டங்கள் இவ்வாறே தோன்றின. 1746 இல் இலண்டனில் ஏறத்தாழ 50 பவுணுடன் தொடங்கிய கடனுதவி நிதி, 20 சிலிங் வரை கடன் வழங்கி அதனை மூன்று மாதத்தில் மீளப் பெற்றது. ஓராண்டினுள் 250 பேர் இதனாற் பயனடைந்தனர் என வெஸ்லி பதிந்துள்ளார்.

ஆயினும் இவ்விதிகளுள் ஒரு முரண்பாடு பொதிந்திருந்தது. உழைப்பும் சிக்கனமும் செல்வத்தைப் பெருக்கின. செல்வம் பெருகப் பெருக இறைப்பற்றும் ஈகையும் தளர்ந்தன. சீடர்கள் முதலிரு விதிகளையும் கைக்கொண்டு மூன்றாவதைக் கைவிட்டனர் என்பதே முதுமையில் அவரை வாட்டிய கவலை. 1786 இல் அவர் எழுதிய இக்கருத்தினையே மக்ஸ் வெபர் புரட்டஸ்தாந்து அறம் பற்றிய தமது ஆய்வில் எடுத்தாண்டார். ஈ. பி. தொம்சன் 1963 இல் வெளியிட்ட நூலிலோ, மெதடிசம் ஆலைத் தொழிலாளரை அடங்கிய உழைப்புக்குப் பழக்கியது என்னும் கண்டனம் எழுந்தது. இவ்விரு நோக்குகளும் புறக்கணிக்கத்தக்கனவல்ல. ஆனால் அவை பெரிதும் இயக்கத்தின் விளைவுகளை அளப்பன. விதியை வகுத்தவரின் வாழ்வு வேறொரு சான்றைத் தருகின்றது. நூல் விற்பனையாற் பெருவருவாய் பெற்றும் அவர் அதனைத் தமக்கெனச் சேர்த்து வைக்கவில்லை. வெள்ளிப் பாத்திரங்களின் விபரம் கோரி 1776 இல் தீர்வை அதிகாரிகள் எழுதியபோது, தம்மிடமுள்ளவை இலண்டனில் இரண்டும் பிறிஸ்டலில் இரண்டுமாகிய வெள்ளிக் கரண்டிகளே என விடையிறுத்தார். தமது உடலை ஆறு ஏழைகள் சுமந்து செல்ல வேண்டுமென்றும், அவர்களுக்கு ஆறு பவுண் பகிர்ந்தளிக்கப்படவேண்டுமென்றும் மரணசாசனத்தில் விதித்தார்.

மெதடிஸ்த மிஷனரிமார் 1814 இல் இலங்கையை அடைந்தனர். ஆகவே இவ்வரலாறு ஈழத்துக்கு முற்றிலும் அந்நியமானதன்று. ஈட்டலையும் சேமித்தலையும் ஒரு சமூகத்துக்குக் கற்பித்தல் எளிது; பழக்கமும் தன்னலமும் அவற்றுக்குத் துணைநிற்கும். ஈதலுக்கோ அத்தகைய துணை யாதுமில்லை. வெஸ்லியின் வெற்றியும் தோல்வியும் ஒருங்கே உணர்த்துவது இதுவேயாகும்.