கைன் பெலேகாட்

தாத்தாவின் அலமாரியைக் காலி செய்த அன்று யாருக்கும் வேண்டாமல் மிஞ்சியவை ஏழு கைலிகள். அறுபதுகளில் சாங்கி விமானப்படைத் தளத்தில் பிரிட்டிஷ்காரர்களிடம் வேலை பார்த்தவர் அவர். 1971இல் அவர்கள் கிளம்பிப் போனார்கள், தாத்தா சாங்கியை விட்டு நகரவில்லை. வேலைக்குக் காக்கிக் கால்சட்டை, வீட்டுக்கு வந்தால் கைலி.

பெரியம்மா மகள் அப்போது துணி வடிவமைப்பு படித்துக்கொண்டிருந்தாள். இறுதியாண்டுக்குக் குடும்ப மரபிலிருந்து ஒரு தொகுப்பு செய்ய வேண்டும். அவள் நோட்டு முழுக்க மாங்காய், மயில், கோலம். "இதை எடுத்துக்கோக்கா" என்று ஒரு கைலியை நீட்டினேன்.

"டேய், இது மலாய்க்காரங்க சாரோங்டா. நம்ம மரபுன்னு எப்படிக் காட்டுறது? மார்க் போயிடும்."

நியாயமான பயம்தான். எனக்கும் பதில் தெரியவில்லை. பொறியியல் படித்தவனுக்குத் துணியைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் அந்தக் கேள்வி விடவில்லை, தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

மலாயில் இந்தக் கட்டம்போட்ட துணிக்குக் கைன் பெலேகாட் என்று பெயர். கைன் என்றால் துணி. பெலேகாட் என்றால்? பழவேற்காடு! சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டரில் இருக்கும் அதே ஏரிக்கரை ஊர். போர்த்துகீசியர் வாயில் பலியக்காட்டே ஆகி, ஆங்கிலத்தில் புலிகாட் ஆகி, மலாயில் பெலேகாட்டாக நின்றுவிட்டது.

டச்சுக்காரர்கள் அங்கே 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். மொலுக்குத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க வேண்டுமென்றால் கையில் சோழமண்டலத் துணி வேண்டும். காசைவிடத் துணிக்குத்தான் அங்கே மதிப்பு. 1690 வாக்கில் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை அவர்களின் சோழமண்டல வியாபாரம் பழவேற்காட்டிலிருந்துதான் நடந்தது. இதை டச்சுக்காரர்களின் சாமர்த்தியம் என்று நினைத்துவிடக் கூடாது. அவர்களுக்கு நூறு வருடம் முன்பே, மலாக்கா சுல்தான்கள் காலத்தில், தமிழ் வணிகர்கள் அந்தத் துறைமுகத்தில் துணி விற்றுக்கொண்டிருந்தார்கள். 1819க்குப் பிறகு சிங்கப்பூருக்கு வந்த சூலியா வணிகர்கள் அந்தப் பாதையில் கடைசியாக வந்தவர்கள், அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்த விஷயம் வேறு. அந்தத் துணிகளை நெசவாளர்கள் தங்கள் இஷ்டத்துக்கு நெய்யவில்லை. எந்தத் தீவுக்கு எந்த நிறம், என்ன அளவு, எத்தகைய கரை என்பது வாங்குபவர் விருப்பம். மாதிரித் துண்டுகள் கடல் தாண்டித் தறிக்கு வந்தன. சாயவேரின் சிவப்பும் அவுரியின் நீலமும் நம்முடையவை, ரசனை பாதி அவர்களுடையது.

தாத்தாவின் கைலியை ஃபோன் கேமராவில் பெரிதாக்கி இழைகளை எண்ணிப் பார்த்தேன். (ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசா போச்சு.) பாவின் நிற வரிசையே ஊடையிலும் வந்தால் கட்டம் சதுரமாக அமையும். இரண்டே நிற நூல்தான், ஆனால் கண்ணுக்கு மூன்று நிறம் தெரியும். மூன்றாவது, இரண்டும் குறுக்கே சந்திக்கும் இடம். ஓரிடத்தில் மட்டும் வரிசை உடைந்து வேறு கட்டம் வந்தது. மலாயில் அதற்குக் கெப்பாலா, அதாவது தலை, என்று பெயர். ஆண்கள் பொதுவாக அதைப் பின்பக்கம் வரும்படி கட்டுவார்கள். தமிழ்நாட்டில் சாதாரணமாக விற்கும் கைலியில் பெரும்பாலும் இது இருக்காது.

நம் கட்டம் இன்னும் தூரமும் போயிருக்கிறது. நைஜீரியாவின் கலபாரிப் பெண்கள் மெட்ராஸ் கட்டத் துணியை வாங்கி, சில இழைகளை மட்டும் வெட்டி உருவி, புது வடிவம் உண்டாக்குகிறார்கள். பெலேடே பிடே என்று பெயர். நெய்ததைப் பிரித்து வடிவமைப்பது! அது கலபாரி மரபா, மெட்ராஸ் மரபா?

அருங்காட்சியகங்களில் எழுதுவண்ணத் துணிகள்தான் கண்ணாடிக்குள் இருக்கின்றன. தினமும் கட்டிய துணி கிழிந்து கைப்பிடித் துணியாகிவிடுகிறது, அதை யார் சேர்த்து வைப்பார்கள்?

இதையெல்லாம் அக்காவிடம் கொட்டினேன். அவள் பதிலுக்கு பிரிசில்லா சண்முகத்தைப் பற்றிச் சொன்னாள். 2010இல் அவர் இங்கே தொடங்கிய ஆடை நிறுவனத்தின் பெயர் ஓங் சண்முகம். அம்மா வழிச் சீனப் பெயர், அப்பா வழி இந்தியப் பெயர். சியோங்சாமை பாத்தேக்கில் தைத்துக் காட்டியவர். "அவங்க ரெண்டையும் பேர்லயே வச்சுட்டாங்க. நான் எதுக்குடா மயிலைப் புடிச்சுத் தொங்கணும்?" என்றாள்.

மாங்காயும் மயிலும் போயின. தொகுப்பில் அவள் எடுத்துக்கொண்டது கெப்பாலாவின் எல்லையை மட்டும், அந்த வரிசை உடைகிற இடத்தை. மார்க் சுமார்தான். "மரபு தெளிவாக இல்லை" என்று எழுதியிருந்தார்கள். அக்காவுக்கு இன்னும் கோபம்.

ஆறு கைலிகளை அவளே வைத்துக்கொண்டாள். ஏழாவதைக் கட்டிக்கொண்டு போன வாரம் சாங்கி வில்லேஜ் உணவங்காடிக்கு நாசி லெமாக் வாங்கப் போனேன். வரிசையில் பின்னால் நின்ற மலாய்ப் பெரியவர் துணியை உற்றுப் பார்த்து, இந்த மாதிரி இப்போது எங்கே கிடைக்கிறது என்று கேட்டார்.

கிடைக்காது, தாத்தாவுடையது என்றேன்.