ழான், யஹ்யா, அருளப்பு

ழான் என்றதும் எங்களுக்கு சார்த்தர்தான் ஞாபகம் வருவார். பிரெஞ்சு நாவல், பிரெஞ்சுப் படம், எதைத் திறந்தாலும் ஒரு ழான் நிற்பான். ஆனால் பெயர் பிரான்சில் பிறந்ததில்லை. எபிரேயத்தில் அது யோகனான், 'கடவுள் அருளினார்' என்று பொருள். கிரேக்கம், லத்தீன் வழியாக நடந்து, தேய்ந்து தேய்ந்து கடைசியில் ஒரே அசையானது.

இதைக் கற்பிட்டியில இருந்து ஏன் எழுதுறம்? இந்தப் பெயர் எங்கட கரைக்கு வேறு வேறு வேஷத்தில் வந்து இறங்கியிருக்கு.

போர்த்துக்கீசருக்கு அது ஜொவாவ். 1659இல் இடத்தைப் பிடித்து, 1667இலிருந்து 1676 வரை கோட்டை கட்டிய ஒல்லாந்தருக்கு யான், யோவான். கற்பிட்டியில் அவர்களுடைய தேவாலயம் எழுந்த 1706இல் இலங்கையின் ஒல்லாந்த ஆளுநர் பெயரே கொர்னெலிஸ் யோவான் சைமன்ஸ். பிறகு வந்த ஆங்கிலேயர் ஜோன் என்றார்கள். பிரெஞ்சு வடிவமோ ஒரு குடும்பப் பெயருக்குள் ஒளிந்துகொண்டு இலங்கைக்கு வந்தது. யாழ்ப்பாணத்தில் ஆயராக இருந்து, 1886இல் கொழும்பின் முதல் பேராயரான பொன்ஜீன் ஆண்டகை பிரெஞ்சுக்காரர். பிரெஞ்சில் 'போன்' என்றால் நல்ல. ஆக, அவர் 'நல்ல ழான்'. எங்கட ஆக்களின் காதில் அது பொன்னாக விழுந்தது தனி அழகு.

இவர்கள் எல்லாரும் ஒலியைத்தான் கொண்டுவந்தார்கள். தமிழ்க் கத்தோலிக்கர் பொருளையும் திறந்து பார்த்தார்கள். யோவான் அருளப்பர் ஆனார். 1693இல் ஓரியூரில் கொல்லப்பட்ட ஜொவாவ் டி பிரிட்டோ அருளானந்தர் ஆனார். இப்போது பைபிளின் பொது மொழிபெயர்ப்பில் மறுபடி யோவான்தான். எங்களுக்கு அதில் கொஞ்சம் மனவருத்தம்.

இதே ஆளைத்தான் இந்தக் கரையின் முஸ்லிம்கள் யஹ்யா என்கிறார்கள், ஸகரிய்யா நபியின் மகன். அதற்கு முன் வேறு யாருக்கும் வைக்கப்படாத பெயர் என்று குர்ஆன் சொல்கிறது. அரபுக் காதுக்கு அதில் 'வாழ்கிறார்' என்ற பொருளும் கேட்கும்.

1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து துரத்திய முஸ்லிம்களில் பெருந்தொகையானோர் புத்தளம், கற்பிட்டிப் பக்கம்தான் வந்து சேர்ந்தார்கள். பெயரைக் கேட்டே ஆள் எந்தப் பக்கம் எண்டு முடிவு கட்டின காலம் அது.

எங்கட வகுப்பு இடாப்பில் ஒரு அருளப்பு இருந்தான், ஒரு யஹ்யாவும் இருந்தான். ஒரே பெயரைத்தான் இரண்டு தரம் கூப்பிடுகிறார் எண்டு சேருக்குத் தெரியாது. கை தூக்கின அவன்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.