பெயரோடு கூடிய முகம்

மலாக்காவில் 1796-இல் பிறந்து, தமிழும் கற்று, மலாய் உரைநடைக்குப் புதுவழி வகுத்தவர் முன்ஷி அப்துல்லா. அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்றின் மருத்துவர் காட்டிய வெள்ளித் தகட்டில் சிங்கப்பூர் நகரம் அப்படியே பதிந்திருக்கக் கண்டு வியந்ததை, 1849-இல் அச்சேறிய தம் வரலாற்று நூலில் அவர் எழுதியுள்ளார். இந்நிலப்பகுதியில் ஒளிப்படம் பற்றிய தொடக்ககாலப் பதிவுகளுள் அஃது ஒன்று. அத்தகட்டில் இருந்தது நகரம். பின்னாளில் மனித முகங்களும் பதிவாயின. அம்முகங்களின் கீழ் என்ன எழுதப்பட்டது என்பதே நாம் இங்கு ஆராயும் பொருள்.

1867-இல் சிங்கப்பூரில் தொடங்கப்பெற்ற லாம்பர்ட் ஒளிப்பட நிலையம், இம்மண்ணின் பல இன மக்களையும் படமெடுத்துப் பயணிகளுக்கு விற்றது. அவற்றுள் தமிழரும் உண்டு. படத்தில் இருப்பவர் எவ்வூரார், எத்தொழிலில் வல்லவர் என்னும் குறிப்பு அரிது. ‘கிளிங்’ என்னும் ஒரு சொல்லே போதுமென்று கருதப்பட்டது. காட்டில் வாழ்ந்த தொல்குடியினர் படங்களுக்கோ ‘சக்காய்’ என்னும் சொல் வாய்த்தது.

இவ்விரு சொற்களின் வரலாறும் எண்ணத்தக்கது. ‘கிளிங்’ என்பது கலிங்கத்தின் திரிபு என்பர். 1748-இல் எழுந்த மலாக்கா கம்போங் கிளிங் பள்ளிவாசலின் பெயரில் இழிவேதும் இல்லை. பிற்காலத்திலேயே அச்சொல் வசையாயிற்று. ‘சக்காய்’ என்பதோ அடிமை, ஏவலர் என்னும் பொருள் ஏறிய சொல். 1960-களில் அரசு வழக்கில் நிலைபெற்ற ‘ஒராங் அஸ்லி’, அதாவது முதற்குடி மக்கள் என்னும் தொடர், அவ்விழிவை நீக்கியது. ஆயினும் அதுவும் பல இனங்களுக்குரிய பொதுப்பெயரே; ஒருவரின் பெயராகாது.

ஸ்கீட், பிளாக்டன் இருவரும் 1906-இல் இரு தொகுதிகளாக வெளியிட்ட தீபகற்பத் தொல்குடியினர் பற்றிய நூலை மொழியியலார் இன்றும் எடுத்தாளுவர். தொல்குடி மொழிகளின் சொற்களை ஒப்பிட்டு அடுக்கிய பிளாக்டனின் உழைப்பு பெரிது. எந்தச் சொல் எவ்வட்டாரத்தது என்பதை ஆய்ந்து குறித்த அந்நூலில், படங்களில் நிற்போர் பெரும்பாலும் இனப்பெயரளவிலேயே நின்றுவிட்டனர். சொல்லுக்குக் கிடைத்த கவனம் சொன்னவருக்குக் கிடைக்கவில்லை.

இன்று நிலை மாறிவருகிறது. சிலாங்கூரின் கேரித் தீவில், தமிழர் உழைத்த தோட்டங்களுக்கு அருகே, மா மெரி மக்கள் வாழ்கின்றனர். நீரெ பாத்து என்னும் சதுப்புநில மரத்தில் அவர்கள் செதுக்கும் முன்னோர் உருவங்கள் உலகப் புகழ் பெற்றவை. ஒவ்வோர் உருவத்துக்கும் ‘மோயாங்’ என்னும் அடைமொழியோடு தனிப்பெயரும் கதையும் உண்டு. மரச்சிற்பத்துக்கே பெயரிடும் மக்களைப் பெயரின்றிப் படமெடுத்தல் எத்துணைப் பிழை! தெமுவான் இனத்து ஓவியர் ஷாக் கோயோக், தம் மக்களின் முகங்களைத் தாழை ஓலைப் பாயின்மீதே தீட்டுகிறார். பாய் முடைந்த கையின் கலையும் முகம் வரைந்த கையின் கலையும் அங்கு ஒன்றாகின்றன. முன்பு பிறர் கருவிக்கு முன் நின்ற சமூகம், இன்று தன் உருவத்தைத் தானே படைக்கிறது.

சுங்கை ஊடாங் வட்டாரத்து ஆசிரியர்களும் மாணவர்களும் இதிலிருந்து செய்யக்கூடியது ஒன்றுண்டு. தெமுவான் மக்கள் மலாக்காவிலும் வாழ்கின்றனர். அவர்களுள் கூடை முடைபவரையோ பாய் பின்னுபவரையோ படமெடுக்க நேர்ந்தால், முதலில் அவர் இசைவைப் பெறுக. அவர் விரும்பும் முறையில் பெயரையும், ஊரையும், அக்கலைப்பொருளுக்கு அவர் மொழியில் வழங்கும் சொல்லையும் எழுதுக. எழுதியதை அவருக்கே படித்துக் காட்டித் திருத்துக. படத்தின் படி ஒன்றையும் அவரிடம் சேர்ப்பிக்க.

வீட்டிலுள்ள பழைய தோட்டப் படங்களுக்கும் இதனையே செய்க. வரிசையில் நிற்கும் பால்மரத் தொழிலாளருள் யார் யாரென அறிந்த முதியோர் இன்னும் சிலரே உள்ளனர். அவர்கள் இருக்கும்போதே படத்தின் பின்புறம் பெயர்களை எழுதிவிடுதல் வேண்டும்.