பாலோ ஆல்ட்டோ நகராட்சியின் மின்சாரம், குடிநீர், பாதாளச் சாக்கடை

பாலோ ஆல்ட்டோ, அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவை ஒட்டி அமைந்துள்ள ஒரு சிறுநகரம். 2020 கணக்கெடுப்பின்படி இதன் மக்கள்தொகை 68,572. கணினி நிறுவனங்களால் உலகம் அறிந்த ஊர் என்றாலும், அந்நிறுவனங்களைவிடப் பழைய தனித்தன்மை ஒன்று இதற்கு உண்டு. மின்சாரம், குடிநீர், பாதாளச் சாக்கடை, எரிவாயு ஆகிய நான்கையும் நகராட்சியே சொந்தமாக நடத்துகிறது. அக்கம்பக்கத்து ஊர்களில் பெரும்பாலானவை மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் பசிபிக் கேஸ் அண்ட் எலக்ட்ரிக் என்ற தனியார் நிறுவனத்தைச் சார்ந்திருக்கின்றன.

1894-ல் நகராட்சியான இவ்வூரில் அடுத்த சில ஆண்டுகள்வரை ஏறத்தாழ 750 பேரே வாழ்ந்தனர். ஆழம் குறைந்த கிணறுகளை வைத்திருந்த தனியார் கம்பெனிகள் வீடுகளுக்குத் தண்ணீர் விற்றுவந்தன. 1896-ல் வாக்காளர்கள் 40,000 டாலருக்குக் கடன்பத்திரம் வெளியிட ஒப்புதல் அளிக்க, நகராட்சி அக்கம்பெனிகளை விலைக்கு வாங்கியது. தலைக்கு ஐம்பது டாலருக்கும் மேற்பட்ட கடன் அது. அக்காலத்தில் சிறிய தொகையன்று. 1898-ல் சாக்கடைக் குழாய்கள் வந்தன. 1900-ல் நீராவி எந்திரத்தால் இயங்கும் நகராட்சி மின்நிலையம் தொடங்கியது. பசிபிக் கேஸ் அண்ட் எலக்ட்ரிக் நிறுவனம் உருவானதே 1905-ல்தான் என்பதால், இந்நகரின் மின்துறை அதைவிட மூத்தது. எரிவாயு 1917-ல் சேர்ந்தது.

இத்துணிவுக்குப் பின்னால் அருகிலிருந்த ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பங்கு பெரிது. அங்கே கட்டடப் பொறியியல் பேராசிரியராக இருந்த சார்லஸ் மார்க்ஸ், நகர நிர்வாகத்திலும் இடம்பெற்று, தனியாரிடம் வாங்குவதைவிட ஊரே நடத்துவது மலிவு என்று வாதிட்டார். கணக்குப் போடத் தெரிந்தவர்கள் ஊரிலேயே குடியிருந்தது இந்நகருக்குக் கிடைத்த நல்வாய்ப்பு.

ஆனால் தொடக்கத்தில் நகராட்சியிடம் இருந்தது வேறு, இன்று இருப்பது வேறு. அன்று கிணறும் மின்நிலையமும் ஊருக்குள்ளேயே இருந்தன. குடிநீரைப் பொறுத்தவரை, 1932-ல் ஒன்பது கிணறுகள் இயங்கின. பள்ளத்தாக்கு முழுவதும் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் நிலமே தாழத் தொடங்கியிருந்த காலம் அது. 1937 டிசம்பரில் நகராட்சி சான் பிரான்சிஸ்கோவிடம் தண்ணீர் வாங்க 20 ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டது. யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குள் உள்ள ஹெட்ச் ஹெட்சி நீர்த்தேக்கத்திலிருந்து மலைச் சுரங்கங்கள், குழாய்கள் வழியாக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வரும் நீர் அது. 1962 முதல் நகரின் குடிநீர் ஏறத்தாழ முழுவதும் சான் பிரான்சிஸ்கோவிடமிருந்தே வாங்கப்படுகிறது. குழாயும் மீட்டரும் நகராட்சிக்குச் சொந்தம். ஊர் எல்லையில் கொடுக்கும் மொத்த விலையை முடிவுசெய்வது சான் பிரான்சிஸ்கோ.

பாதாளச் சாக்கடையில் நிலைமை நேர்மாறு. தொடக்கத்தில் கழிவுநீர் அப்படியே விரிகுடாவில் கலந்தது. 1934-ல் சுத்திகரிப்பு நிலையம் கட்டப்பட்டது. 1972-ல் அது வட்டார நிலையமாக விரிந்தது. மவுண்டன் வியூ, லாஸ் ஆல்டோஸ், லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸ், கிழக்குப் பாலோ ஆல்ட்டோ, ஸ்டான்ஃபோர்டு ஆகிய இடங்களின் கழிவுநீரும் இங்கேதான் வந்து சேர்கிறது. செலவில் அவை பங்கு தருகின்றன. நிலையத்தை இயக்குவது பாலோ ஆல்ட்டோ. கசடை எரிக்கும் உலைகள் 2019-ல்தான் நிறுத்தப்பட்டன.

மின்சாரத்தையும் நகராட்சி பெரும்பாலும் வெளியிலிருந்தே வாங்குகிறது. கூட்டரசின் அணைகளில் விளையும் நீர்மின்சாரம் ஒரு பங்கு. மற்ற நகராட்சிகளோடு சேர்ந்து 1968-ல் உருவாக்கிய வட கலிஃபோர்னியா மின்முகமையின் நீர்மின் திட்டம் இன்னொரு பங்கு. நல்ல மழை பெய்தால் தேவையில் ஏறத்தாழ பாதியை நீர்மின்சாரமே ஈடுசெய்யும். மழை பொய்த்தால் சந்தையில் கூடுதல் விலைக்கு வாங்க வேண்டும். அச்சுமை மின்கட்டணத்தில் ஏறும். 2013-ல் நகர்மன்றம் கார்பன் சமநிலை மின்சாரத்துக்கு மாற முடிவெடுத்தது. எந்த மின்சாரத்தை வாங்குவது என்று ஊரே தீர்மானிக்க முடிந்ததால்தான் இம்முடிவு அவ்வளவு எளிதாயிற்று.

கட்டணத்தை நிர்ணயிப்பது மாநில ஒழுங்குமுறை ஆணையம் அன்று, நகர்மன்றமே. பிடிக்காவிட்டால் அடுத்த தேர்தலில் வாக்காளர்கள் பதில் சொல்லலாம். ஆனாலும் கட்டற்ற அதிகாரம் இல்லை. 1996-ல் நிறைவேறிய மாநில அளவிலான 218-ஆம் முன்மொழிவின்படி, குடிநீர், சாக்கடைக் கட்டணத்தை உயர்த்துமுன் சொத்து உரிமையாளர்களுக்கு 45 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். பாதிக்கு மேற்பட்டோர் எழுத்துமூலம் எதிர்த்தால் உயர்வு செல்லாது.

உண்மையான சிக்கல் உபரியில் இருக்கிறது. மின்சாரம், எரிவாயு ஆகியவற்றின் வருவாயில் ஒரு பகுதியைக் காவல், நூலகம், பூங்கா முதலிய பொதுச் செலவுகளுக்கு நகராட்சி நெடுங்காலமாக மாற்றிவந்தது. தனியார் கம்பெனி பங்குதாரருக்குத் தரும் லாபத்தை இங்கே ஊர் எடுத்துக்கொள்கிறது என்பது ஆதரவாளர் வாதம். கட்டணம் என்ற பெயரில் வாக்கெடுப்பில்லாத வரி இது என்பது எதிர்ப்பாளர் வாதம். இரண்டிலும் நியாயம் உண்டு. எரிவாயுக் கட்டணம் நீதிமன்றம்வரை சென்று, வாக்காளர் ஒப்புதல் தேவை என்றாயிற்று. 2022 நவம்பரில், எரிவாயு மொத்த வருவாயில் 18 விழுக்காடுவரை மாற்றுவதற்கு வாக்காளர்கள் இசைவளித்தனர்.

சொந்தமாக நடத்துவதன் எல்லையை ஊர் மிகத் தெளிவாக உணர்ந்தது 2010 பிப்ரவரி 17 காலையில். மூடுபனியில் பாலோ ஆல்ட்டோ விமான நிலையத்திலிருந்து கிளம்பிய ஒரு சிறிய விமானம் உயரழுத்த மின்கம்பிகளில் மோதி விழுந்து, அதிலிருந்த மூவரும் உயிரிழந்தனர். நகருக்கு மின்சாரம் கொண்டுவரும் மின்பாதைகள் அனைத்தும் பசிபிக் கேஸ் அண்ட் எலக்ட்ரிக் நிறுவனத்துக்குச் சொந்தமானவை. எல்லாமே ஒரே வழித்தடத்தில் செல்பவை. நகராட்சியின் துணைமின்நிலையங்கள், கம்பங்கள், மீட்டர்கள் எதிலும் பழுதில்லை. இருந்தும் ஊர் முழுவதும் ஏறத்தாழ 10 மணி நேரம் இருளில் கிடந்தது. வேறொரு திசையிலிருந்து இரண்டாவது மின்பாதை பெறும் முயற்சி அதன்பின் ஆண்டுக்கணக்கில் நீண்டது. அதற்கான நிலமும் பாதையும் நகராட்சியின் எல்லைக்கு வெளியே, பிறர் கையில் இருந்தன.