ஆராய்ச்சிக்காக ஒட்டுக்கேட்டவர்கள்

அமெரிக்காவில் கான்ஸாஸ் மாநிலத்து விச்சிட்டா நகரத்து ஃபெடரல் நியாயஸ்தலத்தில், 1954-ஆம் ஆண்டு, ஜூரிகள் தனித்திருந்து ஆலோசிக்கும் அறையில் ஒலிவாங்கிகளை மறைத்து வைத்தவர்கள் ஒற்றர்கள் அல்லர். ஜூரி முறையை ஆராயப் புகுந்த சிகாகோ சர்வகலாசாலையின் சட்ட அறிஞர்கள். நீதிபதியின் அனுமதி இருந்தது. வக்கீல்களின் சம்மதமும் இருந்தது. பேசிய ஜூரிகளுக்கு மட்டுமே விஷயம் தெரியாது. மறு ஆண்டு அது அம்பலமானபோது எழுந்த கூக்குரலின் பயனாக 1956-இல் அத்தகைய பதிவைக் குற்றமாக்கிச் சட்டம் செய்தார்கள். அறிவு வளர்ச்சிக்காகச் செய்தோம் என்ற சமாதானம் அங்கே எடுபடவில்லை.

இதே வழக்கு அரை நூற்றாண்டு கழித்துக் கம்பிகளின் மேல் மறுபடி எழுந்தது. அதற்கு வழி திறந்தது முன்னமே: 1980-களின் பிற்பகுதியில் பெர்க்லி ஆய்வுக்கூடத்தார் ‘டிசிபிடம்ப்’ என்ற மென்பொருளை ஆக்கிய பின், ஒரு வலையமைப்பில் இணைந்த கணினியின் முன் அமர்ந்தவன், தன் அக்கம்பக்கத்துக் கணினிகளின் செய்திப் பொட்டலங்களையும் ஒரே கட்டளையில் படிப்பது பல இடங்களில் சாத்தியமாயிற்று. சட்டமோ அதற்கு முன்பே அங்கே வந்து நின்றது. ஒட்டுக்கேட்டலைத் தடுத்த 1968-ஆம் ஆண்டுச் சட்டம் 1986-இல் மின்னணுச் செய்திகளுக்கும் விரிக்கப்பட்டது. வலையமைப்பை நடத்துபவர் தம் சொத்தைக் காத்துக்கொள்ள விலக்கு உண்டு, சம்மதம் பெற்றவருக்கும் விலக்கு உண்டு. ஆராய்ச்சியாளர் என்ற பெயருக்கு மட்டும் விலக்கு ஏதும் எழுதப்படவில்லை.

இதை விளக்கி, கொலராடோ சர்வகலாசாலையைச் சேர்ந்த கணினி அறிஞர் இருவரும் சட்டப் பேராசிரியர் பால் ஓமும் 2007-இல் ஓர் ஆய்வுரை வெளியிட்டார்கள். அந்தக் கணினி அறிஞர் இருவருமே மறு ஆண்டு வெளிவந்த வேறோர் ஆய்வுரையின் ஆசிரியர் வரிசையிலும் இருந்தார்கள் என்பதுதான் இச்சரித்திரத்தின் வேடிக்கை.

அது ‘டோர்’ என்ற மறைவலையைப் பற்றியது. அதில் ஒருவருடைய செய்தி மூன்று கணினிகளைக் கடந்து செல்லும்; கடைசிக் கணினியை நடத்துபவருக்கு, அனுப்பியவர் யாரென்று தெரியாவிட்டாலும், தனியே மறையாக்கம் செய்யப்படாத செய்தி அப்படியே கண்ணில் படும். ஆய்வாளர்கள் அத்தகைய கடைக்கணினி ஒன்றைத் தாமே நிறுவி, 2007 டிசம்பரில் சில நாட்கள், ஒவ்வொரு பொட்டலத்தின் முதல் 150 பைட்டுகளைப் பதிவு செய்தார்கள். முகவரி தாங்கிய தலைப்பகுதி சாதாரணமாக 40 பைட்டுகளில் முடிந்துவிடும். எஞ்சியது உள்ளே இருக்கும் கடிதத்தின் முதல் சில வரிகளே யன்றி வேறன்று. கிடைத்த பலனும் அற்பமன்று: இணைப்புகளில் 100-க்கு 3 அளவே இருந்த ‘பிட்டோரண்ட்’ கோப்புப் பகிர்வு, போக்குவரத்தில் சுமார் 40 சதவீதத்தை விழுங்கிக்கொண்டிருந்தது என்று தெரிந்தது.

2008-இல் பெல்ஜியம் நாட்டு லூவன் நகரத்து மகாநாட்டில் இதை வாசித்தபோது, சபையிலிருந்தோர் புள்ளிவிவரத்தை விட்டுவிட்டு அனுமதியைப் பற்றிக் கேட்டார்கள். சர்வகலாசாலையின் ஆய்வு நெறிக்குழுவிடம் முன்கூட்டிச் செல்லவில்லை என்பது தெரியவந்தது. விதி மீறப்படவில்லை என்று சர்வகலாசாலை பின்னர் முடித்துவிட்டது. எனக்கு அந்தத் தீர்ப்பு திருப்தியளிக்கவில்லை. மறைவுக்காகவே அவ்வலையை நாடி வந்தவர்களிடம், கேளாமல் 150 பைட்டு எடுப்பதும் விச்சிட்டாவின் ஒலிவாங்கியும் ஒரே ஜாதி.

2012-இல் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் ஆதரவில் ‘மென்லோ அறிக்கை’ வெளிவந்து, மனிதருக்கு மதிப்பு, நன்மை, நியாயம், சட்டத்துக்கும் பொதுநலனுக்கும் மரியாதை என்ற நான்கு தத்துவங்களைக் கணினி ஆய்வுக்கு வகுத்தது. டோர் அமைப்பினரும் பின்னர் ஆய்வுத் திட்டங்களைப் பரிசீலிக்க ஒரு சபையை ஏற்படுத்தினார்கள். ஆனால் அதன் முன் செல்வது ஆய்வாளரின் இஷ்டம், கட்டாயம் இல்லை.