பிடி அரிசியும் வாக்குச் சீட்டும்

வானம் பார்த்த கரிசற்காட்டில், தீப்பெட்டியும் பட்டாசும் செய்து ஜீவிக்கும் விருதுநகர் மாவட்டத்து வெம்பக்கோட்டை வட்டாரத்துக் கிராமங்களுள் ஒன்றாகிய தாயில்பட்டியை நினைக்குந்தோறும், ஜனநாயகம் எத்தகைய நிலத்தில் வேரூன்றும் என்னும் வினா என் நெஞ்சில் எழுகிறது. செல்வமும் கல்வியும் மிகுந்த நாடுகளிலேயே அது நீடிக்கும் வாய்ப்பு அதிகம் என்று அமெரிக்க அறிஞர் லிப்செட் 1959-இல் எழுதினார். ஆயினும், கல்வியிற் சிறந்த ஜெர்மனி 1933-இல் சர்வாதிகாரத்துக்கு இரையாயிற்று. வறிய பாரதமோ வாக்குரிமையைப் போற்றி வந்துள்ளது. இதன் காரணத்தை இச்சீமையின் சரித்திரம் ஓரளவு புலப்படுத்தும்.

நாடார்களின் ஆலயப் பிரவேசம் பற்றிய பூசல் 1899-இல் சிவகாசிக் கலவரமாக மூண்ட காலத்துக்கு முன்பே, இன்று விருதுநகர் எனப்படும் விருதுபட்டியின் நாடார் வணிகர்கள், விற்ற சரக்கின் மீது தாமே விதித்துக்கொண்ட ‘மகமை’ என்னும் பொதுநிதியால் தர்மங்கள் நடத்தி, 1889-இல் சத்திரிய வித்தியாசாலையை நிறுவினர். வீடுதோறும் எடுத்துவைத்த பிடி அரிசியும் அப்பள்ளியை வளர்த்தது. அங்கே பயின்ற காமராசரே பின்னர் முதலமைச்சராகி, 1956-இல் ஏழைச் சிறாருக்கு மதிய உணவளித்துப் பள்ளிக் கதவைத் திறந்துவிட்டார்.

1920-களில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்றுவந்த தீப்பெட்டித் தொழில், மழை பொய்த்தாலும் கூலி கிடைக்கும் மார்க்கமொன்றைத் திறந்தது. நிலமுடையவன் கையையே எதிர்பார்த்திராத குடிமகனால்தான் அச்சமின்றி வாக்களிக்க இயலும்.

இவற்றின் பயனை உலகம் 1967-இல் கண்டது. காங்கிரஸ் மகாசபையின் தலைவராயிருந்த காமராசரை, அவர் பிறந்த விருதுநகர் மக்களே, பெ. சீனிவாசன் என்னும் மாணவர் தலைவருக்கு எதிராக 1,285 வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தனர். காமராசரும் அத்தீர்ப்பைச் சிரமேற்கொண்டார். மாநில ஆட்சியும் அமைதியாகக் கைமாறியது.

எனினும் இச்சரித்திரத்தில் கறையும் உண்டு. மகமை ஒரு சமூகத்தின் எல்லைக்குள் நின்றது. பள்ளியில் இருக்கவேண்டிய பிஞ்சுக் கைகள் நெடுங்காலம் தீக்குச்சி அடுக்கின. அபாயத் தொழில்களில் சிறுவரை அமர்த்துவதை 1986-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. சிவகாசிச் சிறுவர் பொருட்டு உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளிக்க நேர்ந்தது. வெடி விபத்துகளோ இன்றும் ஓயவில்லை.

ஆகவே, அன்பர்களே, தாயில்பட்டியில் கருமருந்து செலுத்தும் தொழிலாளி மாலையில் உயிரோடு வீடு திரும்புவதையும் அவர் மகள் தடையின்றிப் படிப்பதையும் நம் பொதுக்கடமையாக ஏற்போமாக. வாக்குரிமைக்கு இதைவிடச் சிறந்த காவல் இல்லை.